கல் சாவடிக்கு மேலே வானம்

அந்தப் படத்தைச் சுடலைமுத்து வரைந்த ஞாயிற்றுக்கிழமை நான் அவன் பக்கத்தில் இருந்தேன். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். பின்னால் வந்ததெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள். ஓசூரை ஒட்டி, கர்நாடக எல்லையில் இருக்கும் ஜூஜுவாடியில் லாரிகள் வரிசையாக நிற்கும் மைதானத்துக்குப் பின்னால் ஒரு பழைய கட்டிடம் இருக்கிறது. மைசூர் ராஜா காலத்தில் எல்லை தாண்டும் வண்டிகளை நிறுத்திச் சுங்கம் வாங்கிய இடம் என்று சொல்வார்கள். ஊரில் அதற்குக் கல் சாவடி என்று பெயர். அடியில் கருங்கல், மேலே சுண்ணாம்புச் சுவர், முன்பக்கம் மூன்று வளைவு. எந்தக் காலத்திலோ யாரோ ஒரு அதிகாரி சுண்ணாம்பில் நீலம் கலந்து அடிக்கச் சொல்லியிருக்கிறார். மழையில் கரைந்து போனது போக, வளைவுகளுக்கு அடியில் மழை படாத இடத்தில் மட்டும் அந்த நீலம் இன்னும் இருக்கிறது. துவைத்துத் துவைத்து வெளுத்த பள்ளிக்கூடச் சட்டையின் காலர் மடிப்பில் மிஞ்சுமே, அந்த மாதிரி.

காலை ஒன்பது மணி இருக்கும். ஒரு தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து வரைய ஆரம்பித்தான். கிழக்கே லாரிகளுக்கு மேலாக வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வளைவுத் தூண்களின் நிழல் மேற்கு நோக்கி நீளமாகக் கிடந்தது. வானத்தில் ஒரு மேகம் கிடையாது. அப்படி ஒரு நீலம்.

சுடலைமுத்து வள்ளியூர்ப் பக்கத்துக்காரன். ஒன்பது வருடமாக எங்கள் கம்பெனி பெயின்ட் ஷாப்பில் மேச்சர், அதாவது நிறம் ஒத்துப் பார்க்கும் வேலை. மோட்டார் சைக்கிள் டேங்குகளுக்குப் பெயின்ட் அடித்துக் கொடுக்கிற கம்பெனி. ஒவ்வொரு கலவையும் டேங்கில் ஏறும் முன்பு ஒரு சின்னத் தகட்டில் அடித்து அவனிடம் வரும். விளக்குப் பெட்டி என்று ஒன்று உண்டு. உள்ளே பகல் வெளிச்சம், டியூப்லைட், மஞ்சள் பல்பு என்று மூன்று விளக்கு. மாஸ்டர் தகட்டையும் புதுத் தகட்டையும் ஓரத்தோடு ஓரம் ஒட்டி வைத்து, ஒவ்வொரு விளக்கிலும் பார்ப்பான். "ஓடட்டும்" என்றால் ஓடும். "வித்தியாசம் இருக்கு" என்றால் கலவை திரும்பிப் போகும். பக்கத்து மேஜையில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. நான் சானமாவு பக்கம். கெலமங்கலத்தில் பன்னிரண்டாவது முடித்தவன். லீவு லெட்டர், வங்கிக்கு விண்ணப்பம், ரேஷன் கார்டு திருத்தம் என்று ஷாப்பில் யாருக்கு எது எழுத வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள்.

சுடலைக்கு ஒரு வீம்பு உண்டு. பெயின்ட் டப்பாவின் மேல் எழுதியிருக்கும் பெயரைப் பார்க்கவே மாட்டான். "பேரப் படிச்சுக் கலர் எடுக்குறவன் கம்பவுண்டர்வே. மேச்சர் இல்ல." வீட்டில் படம் வரையவும் அப்படித்தான். தானே கலந்து, பெயர் எழுதாத சின்ன டப்பாக்களில் அடைத்து வைத்திருப்பான். திறந்து பார்த்து எடுப்பான்.

அன்றைக்கு நான் டீ வாங்கப் போய்த் திரும்பும்போது வானத்தை முடித்திருந்தான். பச்சையாக இருந்தது. குளத்தில் தண்ணீர் தேங்கிக் கெட்டுப்போனால் ஒரு பச்சை வருமே, அது. வளைவுக்கு அடியில் இருந்த நீலத்தைச் சாம்பலும் பச்சையுமாக வைத்திருந்தான். கோடு ஒவ்வொன்றும் அளந்து வைத்த மாதிரி சரி. கல்லில் இருந்த வெடிப்பைக்கூட விடவில்லை. நிறம் மட்டும் வேறு எங்கேயோ இருந்தது. பெரிய மழைக்கு முன்னால், அல்லது யாரோ இறந்த வீட்டு வாசலில் சாயங்காலம் நிற்கும்போது, ஒரு வெளிச்சம் இருக்குமே. படம் முழுக்க அதுதான்.

"எப்பிடி இருக்குவே?" என்றான்.

"வானம் கொஞ்சம்..." என்றேன்.

"கொஞ்சம் என்ன?"

அவன் தலையை உயர்த்தி வானத்தைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், மறுபடி வானத்தைப் பார்த்தான். பிறகு திருப்தியாக டீயை வாங்கிக்கொண்டான்.

"ஒண்ணுமில்ல. நல்லா இருக்குது," என்றேன்.

மறுநாள் ஷாப்பில் ஒரு காரியம் செய்தேன். பழைய தகடுகள் கிடக்கும் டிராயரிலிருந்து ஒரு நீலமும் ஒரு கடல் பச்சையும் எடுத்து ஒட்டி வைத்து, விளையாட்டாகக் கேட்கிற மாதிரி, "இது ரெண்டும் ஒரே பேட்ச்சா பாரு," என்றேன். மூன்று விளக்கிலும் பார்த்தான். "ஒண்ணுதான். ரெண்டாவதுல தூசி பட்டிருக்கு," என்றான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். ஒன்பது வருடமாகக் கான்ட்ராக்டில் இருந்தவனுக்கு ஜனவரியில் பெர்மனென்ட் என்று பேச்சு இருந்தது. மகள் ஸ்வாதி ஆறாவது படிக்கிறாள். கண் சரியில்லாத மேச்சர் என்று ஒரு வார்த்தை வெளியே போனால் அன்றைக்கே கேட்டுக்கு வெளியே நிறுத்துவார்கள் என்று நினைத்தேன். இதெல்லாம் உண்மை. இன்னொன்றும் உண்மை: அவன் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நிறம் பார்ப்பதைத் தவிர அவனுக்கு வேறு பெருமை கிடையாது.

அதனால் நானே ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். நீலக் கலவை வரும் நாட்களில் ரிப்போர்ட் எழுதுவதை விட்டுவிட்டு அவன் தோள் பக்கம் போய் நிற்பேன். தகடு சரியாக இருந்தால் பேசாமல் திரும்புவேன். சரியில்லாமல் இருந்து அவன் "ஓடட்டும்" என்று சொன்னால், "தகட்டுல துணி பட்ட மாதிரி இருக்குது, இன்னொன்னு அடிக்கச் சொல்லலாம்," என்பேன். அடித்துக்கொண்டு வருவதற்குள் கலவைக்காரனிடம் போய், "பச்சை கொஞ்சம் ஏறியிருக்குதாம்," என்று சுடலை சொன்னதாகவே சொல்வேன். நிறம் அளக்கும் மெஷினைப் பெங்களூருக்குச் சரிபார்க்க அனுப்பி மாதக்கணக்கில் திரும்பி வராததால் கேட்க ஆளில்லை. வீட்டிலிருந்து முருங்கைக்கீரை பறித்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

"என்னவே தெனமும் கீர? நீரு என்ன எங்கம்மையா?"

"கண்ணுக்கு நல்லது. சாப்பிடு."

"என் கண்ணுக்கு என்ன? ஏவாரத்துக்கு விட்டா இந்தக் கண்ண பெங்களூர்க்காரன் ஏலம் எடுப்பான்."

அவன் நின்ற கலவை அறையில், பெயின்ட்டை இளக்கக் கலக்கும் தின்னரின் வாடை எந்நேரமும் இருக்கும். புகையை இழுக்கும் விசிறி வருடத்தில் பாதி நாள் ஓடாது. காகிதத்தில் செய்த முகமூடி தருவார்கள். மூக்கில் போட்டால் மூச்சின் ஆவி மேலேறி நிறம் பார்க்கும்போது கண்ணில் அடிக்கிறது என்று அவன் கழற்றிவிடுவான். நானும் கழற்றிவிட்டுத்தான் இருந்தேன். ஆனால் என் மேஜை இருந்தது வாசலுக்குப் பக்கத்தில்.

ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் ஓவியப் போட்டி வைத்தார்கள். ‘நம் வட்டாரத்தின் வரலாற்றுச் சின்னம்’ என்று தலைப்பு. படத்தோடு அதன் பொருளை விளக்கி ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று விதி. சுடலை கல் சாவடிப் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"பொருளாம்வே. கட்டடத்துக்கு என்ன பொருளு? இருந்துச்சு, வரைஞ்சேன். நீரு ஏதாச்சும் எழுதும்."

ஷாப்பில் எல்லோரும் பார்க்கப்போகிற படம். நிறத்தோடு பிழைப்பு நடத்துகிறவர்கள் நாற்பது பேர். ஒருவனாவது கேட்பான், வானம் ஏன் பச்சை என்று. அந்தக் கேள்வி வருவதற்கு முன்பே அதற்குப் பதில் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். இரண்டு இரவு உட்கார்ந்து, அடித்துத் திருத்தி, நல்ல தாளில் எழுதினேன். அதில் இப்படி இருந்தது:

"இந்தக் கட்டிடத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பவருக்கு அதன் கல் தெரியும், துயரம் தெரியாது. ஆகவே ஓவியர் பகலின் நீலத்தை வேண்டுமென்றே அகற்றியிருக்கிறார். வானத்தில் அவர் வைத்திருப்பது வானத்தின் நிறமன்று; இருநூறு வருடம் இந்த வளைவுகள் பார்த்து நின்ற வண்டிகளின் புழுதியும், இன்று அருகில் நிற்கும் லாரிகளின் புகையும், கவனிப்பாரற்ற சுவரின் பாசியும் சேர்ந்த நிறம்."

கீழே சுடலைமுத்து என்று எழுதிக் கையெழுத்துக்கு இடம் விட்டேன். அவன் வாய்விட்டுப் படித்தான்.

"நான் எதையும் அகத்தலயேவே."

"போட்டிக்கு இப்பிடித்தான் எழுதணும்."

"அப்போ சரி. எழுத்து உம்ம எலாக்கா." கையெழுத்துப் போட்டான்.

நடுவராக ஒரு தனியார் பள்ளியின் ஓவிய ஆசிரியை வந்திருந்தார். சுப்ரியா என்று பெயர். எங்கள் மேனேஜர் பிரதாப்பும் உடன் நின்றார். பெங்களூர்க்காரர், மரியாதையான மனிதர். சுப்ரியா மேடம் அந்தப் படத்தின் முன்னால் மட்டும் பத்து நிமிடம் நின்றார்.

"சார், தூண் நிழலைப் பாருங்க. மேற்கால விழுது. அப்படின்னா சூரியன் கிழக்க இருக்கு, காலை நேரம். ஆனா வெளிச்சம் அந்தி வெளிச்சம். காலையிலயே பொழுது சாஞ்சுட்ட கட்டடம். இத ஒரு தொழிலாளி யோசிச்சிருக்கார்னா..."

நிழலைச் சரியாகப் படித்துவிட்டார். இன்னும் ஒரே ஓர் அடி எடுத்து வைத்திருந்தால் உண்மைக்கு வந்திருப்பார். ஆனால் நான் எழுதிய தாள் படத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருந்தது. அதைப் படித்துவிட்டுத் தலையாட்டினார். முதல் பரிசு.

"பஹள சென்னாகிதே, சுடலைமுத்து," என்று பிரதாப் கன்னடத்தில் பாராட்டிக் கை கொடுத்தார். "பார்த்தா மனசு பாரமா ஆகுது. இதை ரிசப்ஷன்ல மாட்டலாம்." விளக்கத் தாளைச் சட்டத்தின் முதுகில் ஒட்டி, படத்தை வரவேற்பறையில் மாட்டினார்கள். சுடலை ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். நானும், ஒரு கண்டம் தாண்டியதாக நினைத்தேன்.

நவம்பரில் வருடாந்திரக் கண் பரிசோதனை வந்தது. நிறம் பார்ப்பவர்களுக்கு ஒரு புத்தகம் காட்டுவார்கள். பக்கம் முழுக்கப் புள்ளிகள், அதற்குள் ஒரு எண் ஒளிந்திருக்கும். சுடலை ஒன்றுவிடாமல் சொன்னான். "நார்மல்" என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் புத்தகம் சிவப்பையும் பச்சையையும்தான் சோதிக்கும், நீலத்தை அது கேட்பதே இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்கு எனக்குப் பெரிய நிம்மதி. ஆனால் அதே சாயங்காலம் ஒரு நீலத் தகட்டில் மறுபடி தடுமாறினான். நான் மறுபடி துணி பட்டது என்றேன்.

டிசம்பரில் எங்கள் ராகிக் காட்டில் யானை இறங்கிவிட்டது. அறுப்புக்கு நான்கு நாள்தான் இருந்தது. அண்ணன் வெங்கடப்பன் போன் செய்தார். "ஏழு உருப்படிடா. அரை ஏக்கர் போச்சு. மிச்சத்தையாவது அறுத்துப் போடணும், ஆளு கெடைக்கல, கெளம்பி வா." மூன்று நாள் லீவு போட்டேன். போவதற்கு முன்பு உற்பத்தி அட்டவணையைப் பார்த்தேன். மூன்று நாளும் சிவப்பும் கறுப்பும்தான். நிம்மதியாகப் போனேன்.

இரண்டாம் நாள் அட்டவணையை மாற்றியிருக்கிறார்கள். நீலம் ஓடியது. சுடலை தகட்டைப் பார்த்து "ஓடட்டும்" என்றிருக்கிறான். நானூற்றுப் பன்னிரண்டு டேங்க். நான் திரும்பி வந்த நாளில் அவை லாரியில் ஏறிவிட்டன. ஒரு வாரத்தில் அத்தனையும் திரும்பி வந்தன. பகல் வெளிச்சத்தில் முற்றத்தில் வரிசையாக வைத்திருந்தார்கள். குழந்தைக்குக்கூடத் தெரியும், நீலத்தில் பாதிக்குப் பாதி பச்சை ஏறியிருந்தது.

அவன் அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்தான். "என்ன தப்புன்னு சொல்லுங்க சார். சரியாத்தான இருக்கு," என்றான். அந்த ஒரு வாக்கியம் அவனுக்கு எதிராகத் திரும்பியது. கண் நார்மல் என்று போன மாதம்தான் சான்று இருக்கிறது. ஒன்பது வருட அனுபவம். இப்படி ஒரு வித்தியாசம் கண்ணில் படாமல் போகாது. ஆக, பெயின்ட் சப்ளை செய்தவனிடம் காசுக்குக் கை நீட்டியிருக்கிறான் என்று முடிவு கட்டினார்கள். குற்றப்பத்திரிகையில் எழுதியது இதுதான்: வேண்டுமென்றே, ஆதாயம் கருதி. சஸ்பெண்ட் செய்தார்கள்.

ஜனவரியில் அவன் மனைவி சரஸ்வதிதான் கண்டுபிடித்தாள். ஸ்வாதிக்கு யூனிஃபார்ம் ரிப்பன் நீலம் வாங்கி வரச் சொன்னால் பச்சை வாங்கி வந்தானாம். இரண்டாவது முறையும் பச்சை. அவள் ரிப்பனையும் அவனையும் பார்த்துவிட்டு, யாரிடமும் கேட்காமல் அவனைப் பெங்களூர் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அன்று மத்தியானம் எனக்குப் போன் வந்தது.

"அண்ணே, இவுகளுக்கு நீலமே தெரியலையாம். நரம்புல கோளாறாம். தின்னரு வாடையில வருசக்கணக்கா நிக்கிறவகளுக்கு வருமாம்ணே. எப்ப ஆரம்பிச்சுதுன்னு டாக்டரால சொல்ல முடியாதாம். நாலு மாசம் முன்னக் கூட்டி அந்த எடத்த விட்டு வெலகியிருந்தா திரும்பியிருக்கவும் வாய்ப்பு உண்டுன்னாக. இப்ப உறுதி சொல்ல மாட்டேன்னுட்டாக. மத்ததும் மங்குதாம்."

ஜனவரியிலிருந்து பின்னால் எண்ணினேன். டிசம்பர், நவம்பர், அக்டோபர், செப்டம்பர்.

"அண்ணே, இருக்கீயளா?"

"இருக்கறேன்மா."

"தெரிஞ்சே செய்யலன்னு ஆயிட்டு பாத்தியளா? களவாணிப் பட்டம் போயிரும்லா?"

"போயிடும்," என்றேன்.

உள் விசாரணை பிப்ரவரி பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை. குற்றம் சாட்டப்பட்டவருக்கு உதவியாக ஒரு சக தொழிலாளி உட்காரலாம் என்று விதி இருக்கிறது. சுடலை என் பெயரைக் கொடுத்தான். நோய் அந்த வேலையால் வந்தது, டேங்க் ஓடிய நாளுக்கு முன்பே இருந்தது என்று நிறுவினால் போதும். ஈஎஸ்ஐ வைத்தியம், வேறு பிரிவில் வேலை, பழி நீக்கம், மூன்றும் கிடைக்கும். நிறுவாவிட்டால் கை நீட்டியவன் என்ற பெயரோடு வெளியே போவான். ஓசூரில் எந்த கேட்டும் திறக்காது. கேள்விகளை எண் போட்டு எழுதி எடுத்துக்கொண்டு போனேன்.

விசாரணை அதிகாரி ஓய்வு பெற்ற வக்கீல். வயதானவர், நிதானமாகக் கேட்பவர். ஆஸ்பத்திரிக் கடிதத்தை வாசித்தார்.

"நோய் இருக்குன்னு எழுதியிருக்காங்க. எப்போதிலிருந்துன்னு எழுதல. நவம்பர்ல கம்பெனி பரிசோதனையில நார்மல். அப்ப டிசம்பர்ல இருந்ததுக்கு என்ன அத்தாட்சி?"

நான் புள்ளிப் புத்தகம் நீலத்தைச் சோதிக்காது என்றேன். "அது சோதிக்காதுங்கறதுனால நோய் இருந்துச்சுன்னு ஆயிடுமா தம்பி?" என்றார். என் தாளில் அடுத்த எண்ணுக்கு வந்தேன். அது வேலை செய்யாத விசிறியைப் பற்றியது.

அப்போது வெளியே பெஞ்சில் இருந்த சரஸ்வதி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். கையில் அந்தப் படம். வரவேற்பறைச் சுவரிலிருந்து அவளே கழற்றியிருக்கிறாள். செக்யூரிட்டி பின்னாலேயே ஓடிவந்தான்.

"சார், இத பாருங்க சார். இது செப்டம்பர்ல வரைஞ்சது. கீழ தேதி போட்டிருக்கு. வானம் பச்சையா இருக்கு பாருங்க. எங்க ஊருலயும் சரி, உங்க ஊருலயும் சரி, பச்சையா வானம் உண்டா? அப்பமே கண்ணு போயிட்டு சார். யாருக்கும் தெரியல. எனக்கும் தெரியல. நானும் நல்லா இருக்குன்னுதான் சொன்னேன்."

அதிகாரி படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். சுடலையின் முகத்தில் இரண்டு மாதத்தில் முதல் தடவையாக ஒரு தெளிவு வந்தது. பிரதாப்கூட முன்னால் குனிந்து பார்த்தார். ஜெயித்துவிட்டோம் என்று நான் ஒரு நொடி நினைத்தேன். உண்மையாகவே மறந்துபோயிருந்தேன்.

அதிகாரி சட்டத்தைத் திருப்பினார். முதுகில் ஒட்டியிருந்த தாளைக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். ஒரு முறை மனதுக்குள், இரண்டாவது முறை சத்தமாக.

"‘பகலின் நீலத்தை வேண்டுமென்றே அகற்றியிருக்கிறார்.’ சுடலைமுத்து, இது உங்க கையெழுத்தா?"

"ஆமா சார்."

"நீலம் தெரியாதவர் நீலத்தை எப்படி வேண்டுமென்றே அகற்ற முடியும்?"

"அது நான் எழுதலைங்க. குருமூர்த்தி எழுதுனாரு. போட்டிக்குன்னு." என் பக்கம் திரும்பினான். "சொல்லும்வே."

நான் எழுந்து நின்றேன். எண் போட்ட தாளை மேஜையில் வைத்தேன்.

"நான்தான் எழுதுனேன் சார். அதுல இருக்கறது பொய். அவன் காலையில ஒம்பது மணிக்கு, நீல வானத்தப் பாத்துக்கிட்டே அந்தப் பச்சைய வச்சான். நான் பக்கத்துல இருந்தேன். அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுது."

"தெரிஞ்சு?"

"மறுநாள் தகடு வச்சு சோதிச்சும் பாத்தேன். அப்புறம் நாலு மாசமா நீலம் வர்ற நாளெல்லாம் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டேன். வெளிய தெரிஞ்சா வேலை போயிடும்னு, யாரும் கேக்கக்கூடாதுன்னு இத எழுதுனேன்."

"இவர்கிட்ட சொன்னீங்களா?"

"இல்லை சார்."

பிரதாப் பெருமூச்சு விட்டார். கோபம் இல்லை, சலிப்புதான். "ஏன்ரீ குருமூர்த்தி, ஃபிரெண்டுக்காக எவ்ளோ தூரம் போவீங்க? முன்னாடி ஒரு கதை எழுதினீங்க, இப்ப அதுக்கு ஒரு கதையா? எது நிஜ, நீங்களே சொல்லி."

"இப்ப சொல்றதுதான் சார் நெசம்."

"நாலு மாசம் பக்கத்துல நின்னு பாத்தேன்கறீங்க," என்றார் அதிகாரி. "ரிப்போர்ட் ஒவ்வொண்ணுலயும் ‘நிறம் சரி’ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது யார்?"

"நான்தான் சார்."

"எழுத்துல இருக்கிற எல்லாம் ஒரு பக்கம் இருக்கு. இன்னைக்கு வாயால சொல்றது மட்டும் மறுபக்கம் இருக்கு." குறித்துக்கொண்டார். பிறகு விதிப்படி, "சுடலைமுத்து, இவர் இப்ப சாட்சியாயிட்டார். இவரை நீங்க ஏதாவது கேக்கணுமா?"

சுடலை படத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு என்னைக் கேட்டான்.

"அன்னிக்கு வானம் என்ன கலருவே?"

"நீலம்."

"மேகம்?"

"இல்ல."

"சுவரு?"

"வளைவுக்கு அடியில நீலம் மிச்சம் இருந்துச்சு."

"நான் என்ன வச்சிருக்கேன்?"

"பச்சை. சாம்பல் கலந்த பச்சை."

கண்ணைச் சுருக்கிக்கொண்டு படத்தின் மேல்பக்கத்தை இன்னொரு முறை பார்த்தான். நான் சொன்னது அங்கே இருக்கிறதா என்று தேடுகிற மாதிரி. அவனுக்கு அது எப்போதும்போலத்தான் தெரிந்திருக்கும்.

"வேற கேள்வி இல்ல சார்," என்றான்.

பத்து நாளில் உத்தரவு வந்தது. வேலை நீக்கம். சக தொழிலாளியின் சாட்சியம் நட்பின் காரணமாக, பின்னர் யோசித்துச் சொல்லப்பட்டது என்று கண்டு ஏற்கப்படவில்லை. ஏற்காததால் எனக்கு ஒரு மெமோகூட வரவில்லை. அதே மேஜையில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதுகிறேன். அந்த அறையில் நான் சொன்னதை நம்பியவர்கள் இரண்டு பேர்தான், சுடலையும் சரஸ்வதியும்.

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் உண்டு. லேபர் ஆபீசுக்கும் ஈஎஸ்ஐ மருத்துவக் குழுவுக்கும் இரண்டு மனு எழுதி எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மூக்கண்டப்பள்ளியில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பத்துக்குப் பத்து லைன் வீடு. பாத்திரங்களை அட்டைப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார்கள். ஸ்வாதியின் பரீட்சை முடிந்ததும் வள்ளியூருக்குப் போகிறார்களாம்.

"வாரும். உக்காரும்," என்றான் சுடலை. கட்டிலில் இடம் கொடுத்தான்.

மனுவை நீட்டினேன். வாங்கவில்லை.

"தெனமும் எம்பக்கத்துல வந்து நின்னீரு. துணி பட்டிருக்கு, தூசி பட்டிருக்குன்னு தகட்டத் திருப்பி அனுப்புனீரு. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? பய நம்மகிட்ட வேல கத்துக்கிடுதான், கண்ணு கூர்மையாயிட்டு வருது, ஜனவரில நாம பெர்மனென்ட் ஆனதும் இவர மேச்சராப் போடச் சொல்லணும்னு." சிரிக்கப் பார்த்தான். "பிரதாப் சார்ட்ட சொல்லியும் வச்சிருந்தேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். சரஸ்வதி முந்திக்கொண்டாள்.

"கீர குடுத்தீயளே அண்ணே. கீர குடுத்த கையோட ஒரு வார்த்த குடுத்திருக்கலாம்லா? வேல போனா போவுது. சொத்தக் கத்தரிக்கா வித்துக்கூட பொழைச்சிருப்போம். கண்ணு இருந்திருக்கும்."

"இருந்திருக்கலாம்," என்றான் சுடலை. "உறுதின்னு டாக்டர் சொல்லல."

"நீங்க சும்மா இருங்க."

பிறகு மனுவைப் பற்றிப் பேச்சு வந்தது. நான் எழுதியதை அப்படியே மடக்கி என் சட்டைப் பையில் அவனே வைத்தான். முரட்டுத்தனமாக இல்லை. சரஸ்வதி ஸ்வாதியின் கோடு போட்ட நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தரையில் சுவரோரம் உட்கார்ந்தாள். மனுவை அவள்தான் எழுதுகிறாள். ஒரு பக்கம் முடித்திருந்தாள். பெரிய பெரிய எழுத்து.

அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அண்ணே, உங்க விசயம் வருது இந்த எடத்துல. ‘சொல்லாம விட்டுட்டாரு’ன்னு போடவா, ‘மறைச்சாரு’ன்னு போடவா?"

சுடலை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"மறைச்சாருன்னு போடும்மா," என்றேன்.

எழுதினாள். அடுத்து என் தகப்பனார் பெயரைக் கேட்டாள், டோக்கன் நம்பரைக் கேட்டாள், எந்தத் தேதியிலிருந்து என்று கேட்டாள். ஒவ்வொன்றாகச் சொன்னேன்.